செவலை மேல் தப்பு இல்லை

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வரும், கூடவே ஆள் வருவார், குதிரையை ஏற்றி அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். வண்டி தாராளமாக வரட்டும். நம் தெரு குறுகல், முனையிலேயே திருப்பி நிறுத்திக்கொள்ள டிரைவரிடம் சொல்லிவை. வெயிலில் வருகிற மனுஷன், உன் அம்மா காபி போட்டுக் கொடுப்பாள், குடித்துவிட்டு வந்த வழியே போகட்டும். குதிரை ஏறாது. வேலையில் இருந்தவரைக்கும் மேலதிகாரி சொன்னதை ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்தவன்தான் நான். ஆனால் நீ என் மேலதிகாரி இல்லை. நான் தீனி போட்டு, நான் தேய்த்துவிட்டு, ஏழு வருஷமாக என் கையால் வளர்த்த குதிரையை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு விலை பேசி முடித்திருக்கிறாய். படித்ததும் போனைக் கட்டிலில் வீசிவிட்டேன். அது வயசால் வந்த கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

போனில் பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து நம் குடும்பக் குரூப்பிலேயே போடச் சொல்லப்போகிறேன். பழி அங்கேதான் போடப்பட்டது, பதிலும் அங்கேயே இருக்கட்டும். உன் பெண்டாட்டி கோமதி குதிரையிலிருந்து விழுந்த வீடியோவை நீ அங்கேதானே போட்டாய்? கீழே "அப்பாவின் குதிரைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, வாயைப் பிடித்து இழுத்து இழுத்து அவரே கெடுத்துவிட்டார்" என்று எழுதினாய். உன் சித்தப்பா அதற்குக் கீழே, "அண்ணாச்சிக்கும் வயசாயிட்டு, குதிரைக்கும் வயசாயிட்டு, ரெண்டையும் ஒரே கொட்டில்ல கட்டிருங்க" என்று எழுதினான். சிரிக்கிற பொம்மைகளை நான் எண்ணவில்லை, திரை முழுக்க இருந்தது. கல்யாணத்துக்கு வந்து பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும். செவலை மேல் தப்பு இல்லை. யார் மேல் தப்பு என்று இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன், ஆனால் என் கோபம் முதலில் முடியவேண்டும்.

வாயைப் பிடித்து இழுக்கிறேன் என்று எழுதினாயே, அதை முதலில் பேசுவோம். போலீஸ் குதிரைப் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தேன். கூட்டத்துக்கு நடுவில், வெடிச்சத்தத்துக்கு நடுவில், கொடி வீசுகிறவர்களுக்கு நடுவில் குதிரையை நடத்தியிருக்கிறேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இங்கிலீஷ் முறை. சேணம் சின்னது, பிடித்துக்கொள்ள முன்னால் கொம்பு கிடையாது. குதிகால் கீழே, முழங்கால் ஒட்டி, முதுகு நேராக. இரண்டு கையிலும் இரண்டு கடிவாள வார். குதிரையின் வாய்க்கும் என் விரலுக்கும் நடுவில் அந்த வார் தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. அது தலையை முன்னால் நீட்டினால் என் முழங்கையும் கூடவே போகும். வலது பக்கம் திரும்ப வேண்டுமா, வலது விரலை மூடினால் போதும். ட்ராட் என்கிற துள்ளோட்டத்தில் போகும்போது அது குலுக்குகிற தாளத்துக்கு நாம் எழுந்து எழுந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அதன் முதுகும் போகும் நம் முதுகும் போகும். இதில் எங்கே இழுப்பது வருகிறது? என்னிடம் வேலை செய்த எந்தக் குதிரைக்கும் கடைவாய் புண்ணானதில்லை. செவலையின் வாயைத் திறந்து உன் அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குக் குதிரை வாயைப் பற்றி என்ன தெரியும், இருந்தாலும் யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. "எல்லாப் பல்லும் இருக்கு, எனக்குத்தான் ரெண்டு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி, நீ அப்படி எழுதியதற்கு உனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்குப் பத்து வயசு. ஞாயிற்றுக்கிழமை மைதானம் காலியாக இருக்கும், இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டு உன்னைக் கூட்டிப்போய் ஒரு கிழட்டுக் குதிரைமேல் ஏற்றுவேன். கால் வைக்கிற அங்கவடியைக் கழற்றிவிடுவேன். இரண்டு முழங்காலுக்கும் சேணத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைக்குட்டை வைப்பேன். கைக்குட்டை கீழே விழுந்தால் இன்னொரு சுற்று. எனக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் தப்பாகப் படவில்லை. ஒரு நாள் உன் தொடையின் உள்பக்கம் தோல் உரிந்து காற்சட்டையில் ரத்தம் ஒட்டியிருந்தது. "அப்பா, கொஞ்சம் இறங்கட்டுமா" என்று கேட்டாய். நான் கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்து உதறி மறுபடி வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மா தேங்காயெண்ணெய் தடவும்போது நீ அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பதினாலு வயசில் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். நான் உன்னைக் கோழை என்று சொன்னேன். அது அநியாயம். சொன்ன அன்றைக்கே அநியாயம் என்று தெரியும், திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், குரூப்பில் எல்லோரும் பார்க்கட்டும்.

அதற்கப்புறம் நீ படித்தாய், வேலைக்குப் போனாய், அமெரிக்கா போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணினாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "அப்பா, இங்கன பக்கத்துல ஒரு பண்ணை இருக்கு. வாராவாரம் போறேன். இவங்க ஓட்டுதது வேற மாதிரிப்பா. சேணம் நாற்காலி கணக்கா அகலமா இருக்கு, முன்னால ஒரு கொம்பு. காலை நீட்டித் தொங்க விட்டுக்கிடலாம். வாரை ஒத்தக் கையிலதான் பிடிக்கணும், அதுவும் தொளதொளன்னு தொங்கணும். கழுத்துல வார் லேசாப் பட்டாப் போதும், குதிரை அந்தாக்கில திரும்பிருதுப்பா. மாட்டை மடக்குதவங்க முறைல்லா, இன்னொரு கை கயித்தைப் பிடிக்கணும்லா, அதுக்காகத்தான்." இப்படி மூச்சுவிடாமல் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். "ஏலே, அது சவாரியா? சோபாவுல உக்காந்து டிவி பாக்குததுல்லா அது. குதிரைக்கு வேலையே இல்ல, உனக்கும் வேலை இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். பிறகு "அம்மாட்ட குடுங்க" என்றாய். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நீ என்னிடம் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு எப்படி, மழை உண்டா, மாத்திரை போடுகிறீர்களா, இவ்வளவுதான். அந்த இரண்டு வருஷமும் நீ பண்ணைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாய் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரியும். "பிள்ளை ஆசையாச் சொல்ல வந்தான், நீங்க வாயை வச்சிட்டீங்க" என்று அவள் சொன்னாள். நான் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

இனிமேல்தான் நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது. உன் கல்யாணம் வைகாசியில் என்று முடிவானதும், மாசியில் பின்பக்க நிலத்தில் உளுந்தை எடுத்து முடித்ததும், நான் அந்த முறையைப் பழக ஆரம்பித்தேன். ஆமாம், நான்தான். போனில் அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற வீடியோக்களைப் பார்த்தேன். பாதிப் பேச்சு புரியாது, கையை மட்டும் பார்ப்பேன். விடியற்காலையில், பூ மார்க்கெட்டுக்குப் போகிற வேன்கள் சத்தம் போட்டு முடித்த பிறகு, உன் அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால், செவலையைப் பின்பக்கக் கரிசல் நிலத்துக்கு இறக்குவேன். என் பழைய சேணம்தான், பழைய கடிவாளம்தான். முதலில், திரும்பவேண்டிய திசைக்கு எதிர்ப்பக்க வாரைக் கழுத்தில் வைப்பேன், செவலை ஒன்றும் செய்யாவிட்டால் திரும்புகிற பக்க வாரால் மெல்லச் சொல்வேன். ஒரு அடி திரும்பினாலும் உடனே இரண்டு வாரையும் விட்டுவிட வேண்டும். அந்த விடுவதுதான் எனக்கு வரவேயில்லை. பதினெட்டு வருஷம் விடாதே விடாதே என்று பழகின விரல். நாற்பது நாள் ஆனது. ஒரு நாள் வலது பக்கக் கழுத்தில் வார் பட்டதும் அவள் தானாக இடது பக்கம் திரும்பினாள், நான் விட்டேன், அவள் தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டாள். நான் அந்த வெறும் நிலத்து நடுவில் அவள் மேல் தனியாக உட்கார்ந்துகொண்டு உன்னைத் திட்டினேன். நீ சொன்னது சரியாக இருந்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு எரிச்சல்.

நீ வந்ததும் காட்டலாம் என்று இருந்தேன். மறுவீடு முடிந்து ராயகிரியில் கோமதி வீட்டிலிருந்து நீங்கள் திரும்பிய அன்று, உன்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், வாரை ஒற்றைக் கையில் பிடித்து ஒரு வட்டம் போட்டுக்காட்டி, "இது சவாரியாலே?" என்று கேட்கவேண்டும் என்று வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய். அமெரிக்காவிலிருந்து வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் நீயாகவே செவலைக்குச் சேணம் போட்டாய். வாரை இரண்டு கையிலும் அளந்து பிடித்தாய். குதிகால் கீழே, முதுகு நேராக, ட்ராட்டில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாய். கைக்குட்டை வைத்திருந்தால் விழுந்திருக்காது. உன் அம்மா பின்வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருஷம் கழித்து என் பிள்ளை என் மாதிரி ஓட்டுகிறான் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் என் வசனத்தை முழுங்கிவிட்டேன். இப்போது கேட்கிறேன், எதற்கு அப்படி ஓட்டினாய்? உனக்குப் பிடித்த முறை அது இல்லை, உன் உடம்பு பழகினது வேறு. எனக்காகத்தானே? எனக்கு நல்ல பிள்ளையாகத் தெரியவேண்டும் என்றுதானே? நீ உன் முறையில் ஓட்டியிருந்தால் செவலை கேட்டிருப்பாள், அங்கேயே எல்லாம் வெளிப்பட்டிருக்கும். உனக்குப் பழகினதை நீ என்னிடம் மறைத்தாய், நான் பழகினதை நான் உன்னிடம் மறைத்தேன். நடுவில் அந்த வாயில்லா ஜீவன் இரண்டு பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நீ அன்று போட்டது பெரிய வட்டம், உன் கை கழுத்தைத் தாண்டவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை.

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கற்றுக்கொண்டது மறந்துவிடக்கூடாது என்று, நீங்கள் தூங்குகிற நேரத்தில் காலையில் ஒற்றைக் கையால் ஓட்டுவேன். சாயங்காலம் நீ இரண்டு கையால் ஓட்டுவாய். நீ ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அன்று காலையில் முக்கால் மணி நேரம் கழுத்தில் வாரை வைத்து வைத்துத் திருப்பியிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் கோமதி நானும் ஏறிப் பார்க்கிறேன் என்றாள்.

நடந்ததை நீ எடுத்த வீடியோவில் எல்லோரும் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கரிவலம் போகிற ரோட்டிலிருந்து நம் நிலத்துக்குப் பிரிகிற மண்பாதை. நீ அவளுக்குப் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தாய். "அப்பா குதிரை, அப்பா மாதிரிதான் ஓட்டணும். ரெண்டு கை. வலது பக்கம் போகணும்னா வலது வாரை இழு." அவ்வளவுதான் சொன்னாய். கை எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லவில்லை. எதிரே வளைவில் ஒரு மோட்டார் பைக் கோமதிக்கு இடது கைப்பக்க ஓரமாக வந்தது. கோமதி சரியாகத்தான் யோசித்தாள், வலது பக்கம் ஒதுங்க நினைத்தாள். வலது வாரை இழுத்தாள், புதிதாக ஓட்டுகிற எல்லோரும் செய்கிற மாதிரி பயத்தில் கையைக் குறுக்கே கொண்டுபோய் நெஞ்சோடு இழுத்தாள். வார் வலது பக்கக் கழுத்தில் அழுந்தப் பட்டது. வலது பக்கம் பட்டால் இடது பக்கம் திரும்பு என்று அன்றைக்குக் காலையில் நான்தான் முக்கால் மணி நேரம் செவலைக்குச் சொல்லியிருந்தேன். அவள் திரும்பினாள், நேராகப் பைக்குக்கு முன்னால். பைக்காரன் பிரேக் போட்டுச் சறுக்கினான், செவலை சட்டென்று உடம்பை உதறினாள், வலது பக்கம் சாய்ந்திருந்த பிள்ளை அந்தப் பக்கமே போய் விழுந்தாள். புரண்டு இரண்டு கையையும் ஊன்றி விழுந்தாள், இடது மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பையனுக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. செவலை நாலு அடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தாள், ஓடவில்லை. கிறுக்குக் குதிரை அப்படி நிற்குமா?

நீ ஓடிப்போய்க் கோமதியைத் தூக்கினாய். தூக்கிக்கொண்டே, "கிறுக்குப் பிடிச்ச சனியன், வலது பக்கம் இழுத்தா இடது பக்கம் போகுது" என்று கத்தினாய். அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து "மக்கா, தப்பு என்னுது" என்று சொல்லியிருந்தால் போதும், மூன்று வார்த்தை. நான் செவலையின் வாரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும்போது சொல்லவில்லை. மறுநாள் நீ விமானம் ஏறப் போகும்போது காரில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன், சொல்லவில்லை. எதைச் சொல்லுவது? அறுபத்து நாலு வயசில் போனைப் பார்த்து உன் முறையைத் திருட்டுத்தனமாகப் பழகினேன் என்றா? அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு நல்ல குதிரைக்குக் கிறுக்குப் பட்டம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு பங்கு என்றால் என் மேல் இருப்பது நாலு பங்கு. ஆனால் உன் பங்கு கோபத்தையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

விசா வருகிறவரை கோமதி இங்கேதான் இருக்கப்போகிறாள். நீ தினமும் போன் பண்ணுகிறாய், நல்ல விஷயம். ஆனால் என்ன பேசுகிறாய்? "அந்தக் கொட்டில் பக்கமே போகாத, வெள்ளிக்கிழமையோட அது போயிரும்" என்கிறாய். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறாய். முறிந்தது அவள் கை. பயப்படுவதும் பயப்படாமல் இருப்பதும் அவள் இஷ்டம். அவளிடம் நீ ஒரு தடவையாவது, உனக்கு மறுபடி ஏற ஆசையா என்று கேட்டாயா? நானும் உன் அம்மாவிடம் அப்படித்தான் இருந்தேன். மாற்றல் வாங்கி இந்த ஊருக்கு வருவது என்று நானே முடிவு செய்து, பெட்டி கட்டுகிற அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அவள் அங்கே தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள், பதினாறு பெண்கள் வருவார்கள். அவள் பேசாமல் பெட்டியைக் கட்டினாள். சம்மதம் என்றுதான் நானும் நினைத்தேன். இங்கே வந்து நாலு வருஷம் அந்தத் தையல் மெஷினுக்கு மேல் போட்ட துணியை அவள் எடுக்கவேயில்லை. இதை என்னிடமிருந்து நீ பழகியிருக்கிறாய் என்றால், இதை மட்டும் மற, மற்றதை எல்லாம் வைத்துக்கொள்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். உன் செய்தி வந்த பிறகு நான் கொட்டிலுக்குப் போனேன். கோமதி அங்கே இருந்தாள். இடது கை கட்டோடு கழுத்தில் தொங்குகிறது, வலது கையால் செவலைக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ போகாதே என்று சொன்ன இடத்தில்தான் தினமும் மத்தியானம் வந்து நிற்கிறாள் போலிருக்கிறது, செவலை அவளைப் பார்த்துக் காதை முன்னால் வைத்திருந்தாள். நான் வெள்ளிக்கிழமை வண்டி வருகிறதாம் என்றேன். "தெரியும் மாமா" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, காலையில இப்ப நீங்க ஒத்தக் கையில ஓட்டுததில்லையா?"

"நீ எப்பம்மா பார்த்த?" என்று கேட்டேன்.

"கல்யாணமாகி வந்த ரெண்டாம் வாரத்துலயே பார்த்துட்டேன். மாடியில காபி குடிக்க வருவேன்லா. கயிறு கழுத்துல பட்டதும் அது திரும்பும், நீங்க உடனே கையைத் தளத்துவீங்க. அவுகளுக்குக் காட்டுததுக்காக ஒளிச்சுப் பழகுதீங்கன்னு நெனச்சேன். அதான் அவுகட்ட நான் சொல்லல."

"அப்ப அன்னைக்கு..."

"விழும்போதே தெரிஞ்சிட்டு மாமா. என் கை கழுத்து மேல பட்டுது, அது அந்தப் பக்கம் போச்சு. அது செய்தது சரிதான்."

மக்கா, அந்தப் பிள்ளை மூன்று வாரமாக இதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நீ குரூப்பில் எழுதியதைப் படித்திருக்கிறாள், உன் சித்தப்பா எழுதியதைப் படித்திருக்கிறாள், வலியோடு ஒற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் தலை பின்ன முடியாமல் உன் அம்மாவிடம் தலையைக் கொடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்டது கோபமாக வந்தது, அவள் மேல் கோபம் இல்லை. அவள் சொன்னாள், "நான் சொன்னா உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண், என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு, நான் பேசுவேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை அப்படி நம்பியதில்லை. நான் கொட்டிலின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன், அவள் பார்த்துவிட்டாள், மறைத்துப் பயன் இல்லை.

ஆகவே வண்டி வராது, அல்லது வந்து திரும்பும். விலை பேசினவரிடம் நீதான் மன்னிப்புக் கேட்கவேண்டும், பேசினது நீ. குரூப்பில் நீ எழுதியதற்குக் கீழேயே, குதிரை மேல் தப்பு இல்லை என்று நீயே எழுது. உன் சித்தப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. கட்டு பிரித்தாலும் கோமதியின் இடது கையால் ரொம்ப நாளைக்கு எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது, வலது கையில் பிரச்சினை இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அவளிடம் கேட்டேன், நீ கேட்காததை. மறுபடி ஏற ஆசையா என்று கேட்டேன். "ஏறணும் மாமா. அன்னைக்குப் பாதியிலேயே இறங்கிட்டேன்லா" என்று சொல்லிச் சிரித்தாள். அப்படியென்றால் அவளுக்கு ஒற்றைக் கைதான். என் முறை அவளுக்கு உதவாது, உன் முறைதான் உதவும். செவலையை இனிமேல் ஒரே மாதிரிதான் நடத்தவேண்டும், காலையில் ஒரு பேச்சு சாயங்காலம் ஒரு பேச்சு கிடையாது. நான் இன்று காலை ஒளியாமல், உன் அம்மா பார்க்க, கோமதி பார்க்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க ஒற்றைக் கையால் ஓட்டினேன். வலது பக்கக் கழுத்தில் வார் பட்டால் இடது பக்கம் வெண்ணெய் மாதிரித் திரும்புகிறாள். ஆனால் இடது பக்கக் கழுத்தில் பட்டால் திரும்பவில்லை. தலையைத் தூக்கி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். நான் விடவேண்டிய நேரத்துக்கு முன்னால் விடுகிறேனா, பிந்தி விடுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உனக்குத் தெரியும். நீ இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்ல வந்தபோது நான் சிரித்தேன். இப்போது நானே கேட்கிறேன். இடது பக்கம் வார் பட்டதும் அவள் தலையைத் தூக்கினால், நீ என்னலே செய்வ?

அப்பா